டோக்கன்: வில்லையா, வரவா, துண்டா?

ரேஷன் கடையில் வாங்கும் டோக்கன் எல்லோருக்கும் தெரியும். கணினியைக் கொண்டு மொழியை ஆராயும் கணினி மொழியியலின் அறிமுகப் பாடநூல்களிலும் பெரும்பாலும் தொடக்க இயல்களிலேயே இந்தச் சொல் வந்துவிடும். அங்கே இதை 'வில்லை' என்று தமிழாக்கினால், படிக்கிறவருக்கு மருந்து வில்லையும் கண்ணாடி வில்லையும்தான் நினைவுக்கு வரும்.

பழைய ஆங்கிலத்தில் டோக்கன் என்னும் சொல்லின் பொருள் அடையாளம், குறி. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது கடைக்காரர்களே சிறு உலோக வில்லைகளை அடித்துப் புழங்கவிட்டார்கள். அவற்றுக்கும் டோக்கன் என்றே பெயர். நம் ஊர் டோக்கன் இந்த வழியில் வந்தது.

மொழியியலுக்கு வந்த வழி வேறு. அமெரிக்கத் தத்துவ அறிஞர் சார்லஸ் சாண்டர்ஸ் பர்ஸ் 1906இல் ஒரு வேறுபாட்டைச் சொன்னார். ஆங்கிலப் பக்கம் ஒன்றில் 'தி' என்னும் சொல் இருபது முறை வரலாம். ஆனால் ஆங்கிலத்தில் இருப்பது ஒரே 'தி'தான். அந்த ஒன்றை டைப் என்றார், இருபதையும் டோக்கன் என்றார். பாடநூல்கள் எடுத்துக்கொண்டது இதைத்தான்.

தமிழில் இதைக் காட்ட எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு 12ஆம் குறள்:

துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத்
துப்பாய தூஉம் மழை

இடைவெளியை வைத்து எண்ணினால் ஏழு டோக்கன், ஐந்து டைப். ஆனால் இது யாப்புக்காகப் பிரித்த பிரிப்பு. இரண்டாம் அடியில் 'துப்பாய', 'தூஉம்' என்று இரண்டு சொற்கள் இல்லை. 'துப்பாயதூஉம்' என்று சேர்ந்தே நிற்கிறது. 'துப்பு ஆயதும்' என்பதன் அளபெடை வடிவம் அது. சேர்த்தால் டோக்கன் ஆறாகிவிடும். சரி, பொருள் நோக்கிப் பிரித்து, துப்பார்க்கு, துப்பு, ஆய, துப்பு, ஆக்கி, துப்பார்க்கு, துப்பு, ஆயதூஉம், மழை என்று போனால்? மொத்தம் ஒன்பது டோக்கன், ஆறு டைப். குறள் மாறவில்லை, கணக்குதான் மாறுகிறது. புணர்ச்சியைப் பற்றி முடிவெடுக்காமல் தமிழில் சொற்களை எண்ணவே முடியாது. இடைவெளியை நம்பி ஆங்கிலத்துக்கு எழுதிய பாடத்தை அப்படியே தமிழில் தரக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அப்புறம், சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் இன்றைய மொழி மாதிரிகளில் டோக்கன் என்றால் சொல்லாகவே இருக்க வேண்டியதில்லை. அடிக்கடி சேர்ந்து வரும் எழுத்துகளையோ, கணினி எழுத்தைச் சேமிக்கும் சிறு அலகுகளான பைட்டுகளையோ ஒட்டி ஒட்டிச் செய்த துண்டு அது. 'மழை' நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் ம, ழ, ஐகாரக் குறி என மூன்று. அந்த மூன்றையும் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒன்பது பைட். இப்படித் துண்டாக்கும் கருவி, பயிற்சியில் தமிழைக் குறைவாகக் கண்டிருந்தால் இதைப் பல துண்டாக நறுக்கிவிடும்.

ஆக, ஒரே ஆங்கிலச் சொல் இரண்டு வேலை செய்கிறது. தமிழில் இரண்டு சொல் வேண்டும். எண்ணும் இடத்தில் டைப்பைச் 'சொல்வடிவம்' என்றும் டோக்கனை 'வரவு' என்றும் சொல்லலாம். ஒரு சொல் எத்தனை இடத்தில் 'வருகிறது' என்றுதானே நாம் இயல்பாகவே கேட்கிறோம்? வரவு செலவு நினைவுக்கு வருமே என்று தயங்கினால் 'சொல்வரவு' எனலாம். நறுக்கும் இடத்தில் 'துண்டு', அப்படி நறுக்கும் வேலையான டோக்கனைசேஷனுக்குத் 'துண்டாக்கம்'. அப்படி எழுதினால், 12ஆம் குறளில் 'துப்பார்க்கு' என்னும் சொல்வடிவத்துக்கு இரண்டு வரவு. 'துப்பாயதூஉம்' ஒரே வரவு, கருவிக்கு அது எத்தனை துண்டானாலும்.