துறைநாட்டுச் சோதனை: மாநிலமும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை

சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், ‘பி.எஸ்.சி. வர்றாங்க’ என்றால் கப்பல் எப்படிப் பரபரக்கும் என்று சொல்வார்கள். அந்த மூன்றெழுத்தின் விரிவு ‘போர்ட் ஸ்டேட் கன்ட்ரோல்’. வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல் ஒரு நாட்டின் துறைமுகத்துக்கு வந்தால், அந்த நாட்டு அதிகாரிகள் அதில் ஏறிப் பார்க்கலாம். கப்பல் கடலில் போகத் தகுந்த நிலையில் இருக்கிறதா, எண்ணெயையும் கழிவையும் கடலில் கொட்டாமல் ஓடுகிறதா, அதில் இருக்கிற ஆட்களுக்குச் சாப்பாடும் சம்பளமும் ஒழுங்காகக் கிடைக்கின்றனவா என்றெல்லாம் பார்ப்பதற்குத்தான் அந்தப் பெயர்.

இதை அவசரத்தில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘துறைமுக மாநிலக் கட்டுப்பாடு’ என்று வந்து விழும். மூன்று சொல்லில் இரண்டு பிழை. சின்னப் பிழை என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் தமிழ்நாட்டு வாசகருக்கு இந்தத் தொடர் முற்றிலும் வேறொரு பொருளைத் தருகிறது. இங்கே சென்னை, எண்ணூர், தூத்துக்குடி ஆகிய பெருந்துறைமுகங்கள் ஒன்றிய அரசிடம் இருக்கின்றன. கடலூர், நாகப்பட்டினம் போன்ற சிறுதுறைமுகங்கள் மாநில அரசின் கடல்சார் வாரியத்திடம் இருக்கின்றன. ‘துறைமுக மாநிலக் கட்டுப்பாடு’ என்று படிப்பவர், துறைமுகம் யார் கையில் என்ற ஒன்றிய-மாநிலப் பேச்சு என்றுதானே நினைப்பார்? உண்மையில் இந்தியாவில் இந்தச் சோதனையைச் செய்வது ஒன்றிய அரசின் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் கீழ் வரும் அதிகாரிகள். மாநிலத்துக்கு இதில் வேலையே இல்லை.

சர்வதேசச் சட்டத்தில் ‘ஸ்டேட்’ என்றால் இறைமையுள்ள நாடு. இந்தியாவும் ஸ்டேட், இலங்கையும் ஸ்டேட், பனாமாவும் ஸ்டேட். நம் காதில் அது மாநிலம் என்று விழுவது நம் அரசமைப்பின் பழக்கம். இலங்கைத் தமிழருக்கு இந்தக் குழப்பம் குறைவு. அவர்களுக்கு உள்ளே இருப்பது மாகாணம், ஸ்டேட் என்றால் அரசு.

கடல் சட்டம் ஒரு நாட்டை மூன்று முகங்களில் பார்க்கிறது. கப்பல் எந்த நாட்டில் பதிவாகி எந்த நாட்டுக் கொடியைக் கட்டியிருக்கிறதோ அது கொடிநாடு. கப்பல் எந்த நாட்டுக் கடற்கரைக்கு அப்பால் கடந்து போகிறதோ அது கரைநாடு. எந்த நாட்டுத் துறைமுகத்தில் வந்து நிற்கிறதோ அது துறைநாடு. ஒரே நாடு ஒரு கப்பலுக்குக் கொடிநாடாகவும் இன்னொன்றுக்குத் துறைநாடாகவும் இருக்கலாம். ‘துறைமுக நாடு’ என்றும் எழுதலாம்தான், ஆனால் கொடிநாடு, கரைநாடு என்ற வரிசையில் துறைநாடு இயல்பாக வந்து உட்காருகிறது.

‘துறை என்றால் இலாகா இல்லையா?’ என்று ஒருவர் கேட்கலாம். அந்தப் பொருள் பிந்தியது. நீரில் இறங்கும் இடம், படகு வந்து ஒதுங்கும் இடம்தான் துறை. காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்று ஊர்ப் பெயர்களில் அது இன்னும் உப்புக்காற்றோடு நிற்கிறது. யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. 12-ஆம் நூற்றாண்டு. ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், பரதேசிகள் (பிறநாட்டார்) வந்து இருக்க வேண்டும், அவர்கள் பாதுகாக்கப்பட வேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரசின் பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி. வந்து சேரும் அயல்நாட்டுக் கலத்துக்குத் துறைக்குச் சொந்தமான அரசு விதி வகுப்பது, அதைத் தமிழில் கல்லில் வெட்டி வைப்பது என்பதெல்லாம் நமக்குப் புதிதல்ல. இன்றைய சட்டச் சொல்லுக்கு அதே ‘துறை’யை எடுத்துக்கொள்வதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

அப்புறம் ‘கன்ட்ரோல்’. இதுதான் கதை உள்ள சொல். பழைய பிரெஞ்சில் ‘கோந்த்ர-ரோல்’ என்றால் எதிர்ச்சுருள். கணக்கு எழுதிய சுருளுக்கு இன்னொரு படி வைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தப்பு இருந்தால் மாட்டிக்கொள்ளும். அந்த ஒப்புநோக்கும் வேலையிலிருந்துதான் கன்ட்ரோல் பிறந்தது. அடக்கி ஆளுதல் என்ற பொருள் ஆங்கிலத்தில் பின்னால் வளர்ந்தது. பிரெஞ்சு ‘கோந்த்ரோல்’ இன்றும் முதன்மையாகச் சரிபார்ப்பதையே குறிக்கும். இந்தியாவின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரை சி.ஏ.ஜி. என்கிறோமே, அதன் முதல் எழுத்தான ‘கம்ப்ட்ரோலர்’ இதே வேரில் வந்ததுதான். கப்பல் விஷயத்திலும் கன்ட்ரோல் என்பது பழைய பொருளில் நிற்கிறது. துறைநாடு கப்பலை ஓட்டுவதில்லை, அடக்குவதில்லை, சொந்தமாக்கிக்கொள்வதும் இல்லை. கொடிநாடு கொடுத்த சான்றிதழையும் கப்பலின் உண்மை நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறது.

அதனால் ‘கட்டுப்பாடு’ பொருந்தாது. வரலாற்றை மட்டும் பார்த்தால் ‘தணிக்கை’ மிக நெருக்கம். ஆனால் அது கணக்குக்கும் சினிமாவுக்கும் போய்விட்டது. தனித்தமிழ்தான் வேண்டும் என்பவர்கள் ‘சரிபார்ப்பு’ என்று எழுதலாம், தவறில்லை. நான் ‘சோதனை’யையே எடுப்பேன். வடமொழி வழி வந்த சொல்தான். ஆனாலும் சோதனைச் சாவடி என்றதும் ஒரு லாரி நிற்கிறது, காகிதம் நீட்டப்படுகிறது, தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கிறார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். துறைமுகத்தில் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். ஆக, துறைநாட்டுச் சோதனை.

இப்படி ஒரு சோதனை ஏன் தேவைப்பட்டது? 1982-இன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி கப்பலைக் கண்காணிக்கும் முதல் பொறுப்பு கொடிநாட்டுடையது. ஆனால் கப்பலின் முதலாளி ஒரு நாட்டில், கொடி இன்னொரு நாட்டில், வேலையாட்கள் மூன்றாவது நாட்டில் என்பதுதான் இன்றைய நடப்பு. லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் ஆகியவற்றின் கொடிகளில்தான் உலகச் சரக்குக் கப்பல் கொள்ளளவில் கிட்டத்தட்டப் பாதி ஓடுகிறது. கடலே இல்லாத மங்கோலியாவும் கப்பல் பதிவு செய்துகொடுக்கிறது. வரியும் விதியும் எங்கே இளகுகிறதோ அங்கே வாங்கும் கொடியை வசதிக்கொடி என்பார்கள். அந்தக் கொடிநாடுகளில் சில ஒழுங்காகவே பார்க்கின்றன, சில பார்ப்பதில்லை.

1978 மார்ச் 16. அமோகோ காடிஸ் என்ற எண்ணெய்க் கப்பல், லைபீரியக் கொடி, அமெரிக்க நிறுவனத்துக்குச் சொந்தமானது. புயலில் சுக்கான் இயந்திரம் பழுதாகி, பிரான்சின் பிரெத்தான் கரையில் போர்சால் என்ற ஊருக்கு அருகே பாறையில் மோதி உடைந்தது. 2,20,000 டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. கறுத்துக் கிடந்தது பிரெத்தான் மக்களின் கரை. கொடி கட்டிக் கொடுத்த நாடு ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இருந்தது. அந்தச் சமயத்தில் மேற்கு ஐரோப்பிய நாடுகள் சில, கப்பலாட்களின் வேலைச் சூழலைச் சோதிக்க ஹேக் நகரில் ஒரு குறிப்பாணை போட்டிருந்தன. அது போதாது, பாதுகாப்பும் கடல் மாசும் சேர வேண்டும் என்ற குரல் எழுந்தது. 1982 ஜனவரியில் 14 நாடுகள் பாரிசில் புதிய புரிந்துணர்வுக் குறிப்பாணையில் கையெழுத்திட்டன. ஜூலை 1 முதல் அது நடப்புக்கு வந்தது.

இதை ‘பாரிஸ் உடன்படிக்கை’ என்று எழுதக் கூடாது. அந்தப் பெயர் இப்போது பருவநிலைக்குப் போய்விட்டது என்பது ஒரு காரணம். இன்னொன்று, இது நாடாளுமன்றங்கள் ஏற்கும் உடன்படிக்கையே அல்ல, கடல்சார் நிர்வாகங்கள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. இதில் புதிய விதி எதுவும் கிடையாது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ், கப்பலால் வரும் மாசைத் தடுக்கும் மார்ப்போல், 2006-இன் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை ஆகியவற்றில் ஏற்கெனவே உள்ள விதிகளை எல்லோரும் ஒரே மாதிரி சோதிப்போம் என்பதுதான் ஏற்பாடு. அந்த உடன்படிக்கைகளில் சேராத நாட்டின் கொடியோடு வந்தாலும் சலுகை கிடையாது.

வட்டாரமாகச் சேர வேண்டியதன் காரணம் எளிது. ஒரு துறைமுகம் மட்டும் கண்டிப்பாக இருந்தால், ஓட்டைக் கப்பல் அடுத்த துறைமுகத்துக்குப் போய்விடும். கடலை அதே கப்பல் அங்கிருந்தும் கெடுக்கும். பக்கத்து நாடுகள் எல்லாம் ஒரே தகவல் தளத்தில் சோதனை முடிவுகளைப் போட்டால், ஓர் இடத்தில் கண்ட குறை அடுத்த இடத்தில் தெரிந்துவிடும். நல்ல கப்பலைத் துறைக்குத் துறை நிறுத்தித் தொல்லை கொடுக்கவும் வேண்டாம். பாரிஸ் குறிப்பாணை வட்டாரத்தில் அபாயம் குறைந்த கப்பலுக்கு 24 முதல் 36 மாதத்துக்கு ஒரு முறை சோதனை, அபாயம் கூடியதற்கு 5-6 மாதத்துக்கு ஒரு முறை.

பிறகு இந்த ஏற்பாடு கடல் கடலாகப் பரவியது. ஆசிய-பசிபிக்குக்கு டோக்கியோ, 1993. நம் இந்தியப் பெருங்கடலுக்கு 1998-இல் பிரிட்டோரியாவில் முடிவானது, 1999 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது, செயலகம் கோவாவில். இந்தியாவும் இலங்கையும் இதில் உறுப்பினர்கள். இன்று உலகில் இப்படி ஒன்பது வட்டார ஏற்பாடுகள் இருக்கின்றன. அமெரிக்கா மட்டும் தன் கடலோரக் காவல்படையை வைத்துத் தனியாகச் செய்கிறது.

சோதனைக்கு வருபவர் முதலில் சான்றிதழ்களைப் பார்ப்பார், கப்பலை ஒரு சுற்று நடந்து பார்ப்பார். சந்தேகத்துக்குத் தெளிவான காரணம் கிடைத்தால்தான் உள்ளே ஆழமாகப் போவார். கண்ட குறைக்கு எதிரே ஓர் எண் எழுதுவார். 17 என்றால் புறப்படும் முன் சரிசெய். 30 என்றால் கப்பல் நகரவே கூடாது. அந்த ‘டிடென்ஷன்’ என்பதைக் கைது என்றோ பறிமுதல் என்றோ எழுதுவது பிழை. கடனுக்காக நீதிமன்றம் கப்பலைக் கட்டிவைப்பது வேறு. இது தடுத்து வைத்தல், குறை தீர்ந்தால் கப்பல் போகலாம்.

எல்லாவற்றையும் இந்தச் சோதனை தடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே தீப்பிடித்து, ஜூனில் மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் அந்த ஆண்டுதான் கட்டி முடித்த புதுக் கப்பல். அதில் நைட்ரிக் அமிலக் கொள்கலன் ஒன்று கசிந்தது. வழியில் இரண்டு துறைமுகங்கள் அதை இறக்க ஒப்பவில்லை என்று கப்பல் நிறுவனம் சொன்னது. சோதிக்கும் உரிமை துறைநாட்டுக்கு உண்டு, ஆபத்தில் வரும் கப்பலுக்கு இடம் கொடுத்தே தீர வேண்டும் என்ற கடமை அதே அளவுக்கு உறுதியாக எழுதப்படவில்லை. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 லைபீரியக் கொடி கட்டியது, 1997-இல் கட்டியது. அதன் பிளாஸ்டிக் குருணை கன்னியாகுமரிக் கரை வரை வந்து ஒதுங்கியது. மணலில் அதைப் பொறுக்கியவர்களுக்குக் கொடிநாடு எங்கோ இருக்கிறது, கண்ணெதிரே இருப்பது கரைநாடும் துறைநாடும்தான்.

இன்னொரு கூட்டமும் இந்தச் சொல்லை அறிந்திருக்க வேண்டும். சம்பளம் மாதக்கணக்கில் வராத, குடிதண்ணீர் கெட்டுப்போன கப்பலில் இருக்கும் நம் பிள்ளைகள், 2006-இன் உடன்படிக்கைப்படி வந்து சேர்ந்த துறையிலேயே அந்நாட்டு அதிகாரியிடம் முறையிடலாம். யார் முறையிட்டது என்பதை அவர் வெளியே சொல்லக் கூடாது. கப்பல் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தமிழில் ஒரு கையேடு போட்டால் இப்படி எழுதலாம்: ‘உங்கள் குறையைக் கொடிநாடு கேட்கவில்லை என்றால், துறைநாட்டுச் சோதனை அதிகாரியிடம் சொல்லுங்கள்.’