மனு கொடுத்தால் போதுமா? வன உரிமை கோருவோர் கவனத்துக்கு

சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குச் சேர்வராயன் மலையிலிருந்து வரும் மலையாளிப் பழங்குடி மக்கள், காட்டு நிலத்துக்குப் பட்டா கேட்டுத் தனித்தனியாக மனு கொடுப்பதை வழக்கறிஞர் என்ற முறையில் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் முன்னிலையில் கூடிப் பேசி எடுத்த பொது முடிவு, மலையிறங்கும்போது ஆளுக்கொரு வேண்டுகோளாகச் சிதறிவிடுகிறது.

காட்டை நம்பி வாழும் மக்களின் நில உரிமையை அங்கீகரிக்கும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் யாரிடமும் சலுகை கேட்கச் சொல்லவில்லை. உரிமையின் தன்மையையும் அளவையும் தீர்மானிக்கும் பணியைத் தொடங்கும் அதிகாரத்தை அது கிராம சபைக்கே தந்திருக்கிறது. தமிழ்நாட்டில் பழங்குடிப் பகுதி என்று அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையின்கீழ் அறிவிக்கப்பட்ட பகுதி எதுவும் இல்லாததால், அத்தகைய பகுதிகளின் கிராம சபைகளுக்குத் தன்னாட்சி அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டின் பெசா (PESA) சட்டம் இங்கே பொருந்தாது; ஆகவே இந்த அதிகாரத்தின் மதிப்பு மற்ற மாநிலங்களைவிட இங்கே கூடுதல் என்பது என் கருத்து. சென்னை உயர் நீதிமன்றம் விதித்திருந்த தடையை உச்ச நீதிமன்றம் 2016இல் நீக்கும்வரை இங்கு உரிமை ஆவணம் வழங்குவதே முடங்கியிருந்ததால், அலுவலர்கள் பலருக்கும் இந்த நடைமுறை இன்னும் பழகவில்லை.

கிராம சபைக் கூட்டத்தில் அதன் உறுப்பினர்களில் பாதிப்பேராவது இருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். கோரிக்கைகள் மீது தீர்மானம் எடுப்பதானால் கோரியவர்களில் பாதிப்பேர், நேரிலோ பிரதிநிதி மூலமோ, கலந்துகொள்ள வேண்டும். கவுண்டரும் பெரியவர்களும் மட்டும் கூடி எடுத்த முடிவு ஊருக்குள் எவ்வளவு மதிக்கப்பட்டாலும், தீர்மானப் புத்தகத்தில் பெண்களின் கையொப்பமோ கைநாட்டோ இல்லையென்றால் அதுவே, கிராம சபையின் தீர்மானத்தைப் பரிசீலிக்கும் கோட்ட அளவிலான குழு அதைத் திருப்பி அனுப்ப இடம் கொடுத்துவிடும்.

சான்று என்றதும் பழைய ரசீதைத் தேடி அலைகிறார்கள். கோரிக்கையாளர் அல்லாத முதியவர் ஒருவர் சொல்வதை எழுத்தில் பதிந்தால் அதுவும் சான்றுதான். அதனுடன் பழைய வீட்டின் அடித்தளம், கிணறு, இடுகாடு, கோயில் போன்ற இன்னொன்றையும் வரைபடத்தில் குறித்துக் காட்டுங்கள்; கோரிக்கையுடன் குறைந்தது இரண்டு சான்றுகள் வேண்டும். 2005 டிசம்பர் 13ஆம் தேதிக்கு முன்பே அந்த நிலத்தைப் பயன்படுத்தி வந்தது விளங்கினால் போதும்.

‘இது காப்புக்காடு, கிடைக்காது’ என்று யாராவது வாயால் சொல்வதை நிராகரிப்பாகக் கொள்ளாதீர்கள். நிராகரிப்பைக் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும் என்கின்றன விதிகள். கோட்டக் குழுவின் முடிவை எதிர்த்து மாவட்டக் குழுவிடம் முறையிட அறுபது நாள் அவகாசம் உண்டு. கையில் தேதியிட்ட உத்தரவு இல்லாவிட்டால் அந்த முறையீட்டையே எழுத முடியாது.