முதல் "வேண்டாம்" கேட்டதும் திரும்பி வந்துவிடாதீர்கள்

இரவு பதினொன்றரைக்கு மேல்தான் எங்கள் வேலை தொடங்கும். காப்பிக்கடையில் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து, கடைசி ரயிலும் போன பிறகு. அதற்கு முன்னால் போனால் யாரும் படுத்திருக்க மாட்டார்கள். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கல்மேசைப் பக்கம் உட்கார்ந்திருப்பார்கள், யாருக்காகவோ காத்திருப்பவர் மாதிரி. அந்த வழியாகத்தான் நீங்களும் தினமும் வீட்டுக்குப் போகிறீர்கள், ஆனால் உங்களுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் அவர்களும் அப்படி உட்கார்ந்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் வீடற்றவர்களுக்குத் தங்குமிடம் நடத்தும் ஒரு தொண்டு அமைப்பில் நான் சமூகப் பணியாளர். இந்தக் கட்டுரையை எழுதக் காரணம், போன மாதம் புதிதாக வந்த ஒரு தொண்டூழியர் கேட்ட கேள்வி: "இடம் இருக்கிறது, வாங்க என்று கூப்பிட்டும் வேண்டாம் என்கிறாரே, அப்புறம் நாம் என்ன செய்வது?" நல்ல மனசுள்ள பிள்ளை, கோபத்தில் கேட்கவில்லை. ஆனால் இதே கேள்வியை எத்தனையோ பேர் கோபமாகவும் கேட்டிருக்கிறார்கள்.

கிழக்கு வட்டாரத்தில் ஒரு சந்தைக்குப் பின்னால் நான் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன் (அடையாளம் தெரியாமலிருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). வயது ஐம்பத்தெட்டு. துப்புரவு வேலை. விடிவதற்கு முன் எழுந்து, விரித்த அட்டைப்பெட்டியை மடித்து ஒரு தூணுக்குப் பின்னால் சொருகிவிட்டு, உணவங்காடிக் கழிவறையில் முகம் கழுவி, ஏழு மணிக்கு வேலையில் நிற்பார். முதல் நாள் "சாப்பிட்டீங்களா அண்ணே" என்று தமிழில் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். தங்குமிடம் என்ற சொல்லை எடுத்ததும் "வேண்டாம் தம்பி, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டாவது, மூன்றாவது தடவையும் அதேதான்.

அந்த "வேண்டாம்" என்ற ஒரு சொல்லுக்குள் என்னவெல்லாம் இருந்தது என்பது எனக்குத் தெரியவர இரண்டு மாதம் ஆயிற்று. முன்பு ஓரிடத்தில் தங்கியபோது பையைத் திருட்டுக் கொடுத்திருக்கிறார், அதில்தான் கைப்பேசியும் அம்மாவின் படமும் இருந்தன. இன்னொன்று பயம். தன்னைப் பிடித்துக்கொண்டு போய் ஏதோ ஓர் இல்லத்தில் அடைத்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். 1989ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம் என்று ஒன்று நம் நாட்டில் உண்டு. வருமானமும் இருப்பிடமும் இல்லாமல் பொது இடத்தில் இருப்பவரை நலன்புரி இல்லத்தில் சேர்க்க அதில் வழி இருக்கிறது. அந்தப் பேச்சுத்தான் தெருவில் இருப்பவர்களிடையே வேறு உருவம் எடுத்துச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வேலைக்குப் போய் வருகிற ஒருவரை அப்படிக் கொண்டுபோனதை என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை. ஆனால் பயத்துக்கு அனுபவம் தேவையில்லையே.

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது முகவரி. அவருடைய அடையாள அட்டையில் இருந்தது தங்கை வீட்டு முகவரி. மணமுறிவுக்குப் பிறகு வீவக எனும் அரசு வீடமைப்புக் கழகத்தின் வீட்டை விற்று, பங்குப் பணம் கடனிலும் மருத்துவத்திலும் கரைந்து, தங்கை வீட்டு வரவேற்பறையில் ஒரு வருடம் படுத்திருந்தார். தங்கையின் மகளைப் பெண் பார்க்க வரப்போகிறார்கள் என்றதும் தானாகவே கிளம்பிவிட்டார். நண்பரோடு அறை எடுத்திருப்பதாகத் தங்கையிடம் சொல்லியிருக்கிறார். நாங்கள் ஒரு படிவம் நிரப்பினால் தங்கைக்குக் கடிதம் போகும், உண்மை தெரிந்துவிடும் என்று நினைத்திருக்கிறார். அவருக்கு அட்டைப்பெட்டியில் படுப்பதைவிட அதுதான் பெரிய வேதனை. நம் சமூகத்தில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பசியைச் சொல்லிவிடுவார்கள், தமிழர்கள் கூடும் தேக்கா பக்கம் கோயிலில் அன்னதானத்துக்கு நிற்கவும் செய்வார்கள். வீடில்லை என்பதை மட்டும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

சரி, இப்படி எத்தனை பேர்? லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளியின் ஆய்வாளர்கள் தீவு முழுவதும் நடந்து எண்ணிய கணக்கு 2019இல் வெளியானது, 921க்கும் 1,050க்கும் இடையில் என்றார்கள். பேசக் கிடைத்தவர்களில் பத்தில் ஆறு பேர் வேலையில் இருந்தார்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் சோம்பேறிகள் என்ற பேச்சு ஓய மாட்டேன் என்கிறது. அடுத்து 2021இல் எண்ணியபோது வெளியில் 616 பேர், தங்குமிடங்களில் 420 பேர். 2022 நவம்பரில் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு எண்ணியபோது வெளியில் 530 பேர். வெளியில் குறைந்திருப்பது உண்மை, அதற்காக நிறையப் பேர் உழைத்திருக்கிறார்கள். ஆனால் 616ஐயும் 420ஐயும் கூட்டிப் பாருங்கள், 1,036. வீடில்லாதவர்கள் பெரிதாகக் குறைந்துவிடவில்லை, கூரைக்குள் வந்திருக்கிறார்கள். அந்த மாற்றத்தில் பெரும்பங்கு கொவிட் காலத்தில் நடந்தது. 2020 மார்ச்சில் மலேசியா எல்லையை மூடியதும், ஜோகூரில் மலிவாக அறை எடுத்துத் தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வந்துகொண்டிருந்த சிங்கப்பூரர்கள் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். வழிபாட்டுத் தலங்களும் தொண்டு அமைப்புகளும் பல இடங்களில் தங்கள் மண்டபங்களைத் திறந்துவிட்டன.

அமைச்சும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து தெருவில் படுப்பவர்களுக்காக 2019இல் உருவாக்கிய 'பியர்ஸ்' என்ற கூட்டுக் கட்டமைப்பு அப்போது கைகொடுத்தது. தங்குமிடங்களில் இரவில் மட்டும் படுக்க இடம் தருபவை ஒரு வகை, காலையில் கிளம்பிவிட வேண்டும். சில மாதங்கள் தங்கி, சமூகப் பணியாளரோடு உட்கார்ந்து அடுத்த வழியைப் பார்க்கும் இடைக்காலத் தங்குமிடங்கள் இன்னொரு வகை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் படுக்கைதான் சேவை. எங்கள் நேரம் பெரும்பாலும் மற்றதில்தான் போகிறது: தொலைந்த அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பது, மருந்தகச் சீட்டைத் தேடுவது, கடன்காரரோடு பேசுவது, முதலாளியிடம் பேசி வேலை நேரத்தை மாற்றுவது.

அதற்குப் பிறகு வாடகை வீடு. மாதம் 800 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) வருமானம் உள்ள, முதன்முறை விண்ணப்பிப்பவருக்கு வீவக ஓரறை வாடகை வீட்டின் வாடகை 26 முதல் 33 வெள்ளி என்பது பல வருடக் கணக்கு. 800க்கு மேல் போனால் வாடகையும் கூடும், அப்போதும் வெளிச்சந்தையில் ஓர் அறைக்குக் கேட்கும் பணத்தோடு ஒப்பிட முடியாது. சிக்கல் வேறு இடத்தில். தனி ஆள் என்றால் இன்னொரு தனி ஆளோடு சேர்ந்துதான் அந்த வீட்டை எடுக்க வேண்டும் என்பதே பொதுவான விதியாக இருந்தது. ஓரறை வீட்டில் தனிப் படுக்கையறை கிடையாது, ஒரே கூடம். ஐம்பத்தெட்டு வயதில், குடும்பம் உடைந்து, யாரையும் நம்பத் தயங்கும் ஒரு மனிதரிடம் போய் "கூட இருக்க ஓர் ஆளைத் தேடிக்கொண்டு வாருங்கள்" என்றால் எங்கே போவார்? அறிமுகமில்லாத இருவர் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு விண்ணப்பித்து, குறட்டைக்கும் குடிக்கும் சண்டைபோட்டு, ஒருவர் மறுபடி கீழ்த்தளத்துக்கே வந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 2021 டிசம்பரில் தொடங்கிய முன்னோட்டத் திட்டத்தில், ஜோடி சேர்க்கும் வேலையைச் சமூக சேவை அமைப்பே எடுத்துக்கொள்கிறது, தனி ஆளாகவே விண்ணப்பிக்கலாம். இந்தத் துறையில் நான் பார்த்தவற்றில் மிகவும் புத்திசாலித்தனமான மாற்றம் இதுதான் என்பேன். இன்னும் நிறைய வீடுகள் வேண்டும்.

நீங்கள் யாரையாவது பார்த்தால் 1800-222-0000 என்ற காம்கேர் (அரசின் சமூக உதவித் திட்டம்) எண்ணை அழைக்கலாம், பக்கத்துக் குடும்ப சேவை நிலையத்திலும் சொல்லலாம். "அசிங்கமாக இருக்கிறது, அப்புறப்படுத்துங்கள்" என்று நகர மன்றத்துக்குச் சொன்னால் அவர் பக்கத்துப் புளோக்குக்கு நகர்வார், நாங்கள் மறுபடி ஒரு மாதம் தேட வேண்டும். படம் எடுத்துப் பகிராதீர்கள், தங்கை பார்த்துவிடுவார். தூங்குபவரை எழுப்ப வேண்டாம், விழித்திருந்தால் நின்றுகொண்டு பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் பெயரைக் கேட்கும் முன்னால் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். பொட்டலம் கொடுப்பது நல்லதுதான், ஆனால் தீபாவளி சமயத்தில் ஒரே இரவில் நான்கு குழு பிரியாணி கொண்டுவந்து பாதி குப்பைக்குப் போகிறது. அதற்குப் பதில் அதே ஆள் அடுத்த வாரமும் வாருங்கள். பெண்களை இப்படிக் கண்டுபிடிப்பது கடினம், இரவு முழுவதும் திறந்திருக்கும் உணவகங்களில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார்கள், இல்லாவிட்டால் தெரிந்தவர் வீடுகளில் மாறி மாறி. அவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அந்த அண்ணன் ஏழாவது தடவை தானாகக் கேட்டார்: "அங்க பைக்குப் பூட்டுப் போட இடம் இருக்குமா தம்பி?" இருக்கிறது என்றேன். மறுநாள் வேலை முடிந்து நேராக வந்தார். முதலில் இரண்டு இரவுகள்தான் தங்கினார், நான்கு நாள் காணோம், பிறகு வந்து நிலைத்தார். தங்கைக்கு நாங்கள் சொல்லவில்லை. ஐந்து மாதம் கழித்து அவரே போய்ச் சொன்னார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

இப்போது வாடகை வீட்டில், ஒரு சீனப் பெரியவரோடு இருக்கிறார். அவருக்கு இரவு வேலை, இவருக்குப் பகல் வேலை. பொருத்தமாகத்தான் தெரிந்தது. போன வாரம் இருவரும் தனித்தனியாக எனக்குப் போன் செய்தார்கள். வீட்டில் ஒரே மின்விசிறி, அதை யார் பக்கம் திருப்பி வைப்பது என்பதில் தகராறு. இரண்டாவது மின்விசிறி ஒன்றைத் தொண்டூழியர் ஒருவர் தருவதாகச் சொல்லியிருக்கிறார், சனிக்கிழமை எடுத்துக்கொண்டு போகிறேன்.