ஆக்கிரமிப்பு: சொல் விளக்கம்

சென்னை நாளிதழில் ‘ஆக்கிரமிப்பு அகற்றம்’ என்று தலைப்பு வந்தால், நடைபாதையை மறித்த டீக்கடையை மாநகராட்சி இடித்திருக்கிறது என்று பொருள். சிங்கப்பூர்த் தமிழர் காதில் அதே சொல் வேறு மாதிரி விழும். 1942 பிப்ரவரி 15 முதல் 1945 செப்டம்பர் 12 வரை, ஜப்பானியர் பிடியில் தீவின் பெயரே சியோனான் என்று மாறியிருந்த மூன்றரை ஆண்டுதான் இங்கே ஆக்கிரமிப்பு. டீக்கடைக்கும் பட்டாளத்துக்கும் பொதுவாக ஒன்று உண்டு: உரிமையில்லாத இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்வது. வருவது மட்டும் போதாது, உட்காரவும் வேண்டும். சொல்லின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

வேர் வடமொழி. ‘க்ரம்’ என்றால் அடியெடுத்து வைத்தல். முன்னால் ‘ஆ’ சேர்ந்தால் மேலே ஏறி மிதித்தல், தாக்கிப் பிடித்தல். ‘வி’ சேர்ந்தால் விக்கிரமம், ‘பரா’ சேர்ந்தால் பராக்கிரமம். இரண்டுக்கும் வீரம் என்று பொருள். மூன்றடியால் உலகளந்தவன் திரிவிக்கிரமன். விக்கிரம சோழன், பராக்கிரம பாண்டியன், பொலன்னறுவையின் பராக்கிரமபாகு எல்லாரும் இந்த வேரில் பெயர் வைத்துக்கொண்டவர்களே. காலடி ஒன்றுதான். நம்முடையவன் வைத்தால் விக்கிரமம், அடுத்தவன் வைத்தால் ஆக்கிரமம். வரலாற்றின் ஓரவஞ்சனை ஒரு முன்னொட்டிலேயே தெரிந்துவிடுகிறது. ‘அக்கிரமம்’ மட்டும் இந்த வரிசையில் சேராது. அது ‘அ’ + கிரமம், முறைகெட்டது. பொருள் நெருங்கி வருவதால் ‘அக்கிரமிப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி ஒரு சொல் இல்லை.

தமிழ் இதற்கு முன்பே பெயர் வைத்திருந்தது. பிறர் நாட்டின் மேல் படை நடத்துவது தொல்காப்பியத்தில் வஞ்சித்திணை. காரணத்தையும் அது ஒளிக்கவில்லை: ‘எஞ்சா மண்ணசை’, தீராத மண்ணாசை. பகைவன் நாட்டில் தீ பரவுவது ‘எரிபரந்தெடுத்தல்’ என்று அதற்குள் ஒரு துறை. ஊரைக் கொளுத்துவதை அரசர்கள் மறைக்கவில்லை, கல்லில் வெட்டினார்கள். ‘தஞ்சையும் உறந்தையும் செந்தழல் கொளுத்தி’ என்பது முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியனின் மெய்க்கீர்த்தி. எதிரி சொன்ன குற்றச்சாட்டு அல்ல.

கல்வெட்டில் இன்னொரு சொல், ‘கொண்ட’. மதுரை கொண்ட பராந்தகன், கடாரம் கொண்ட இராசேந்திரன் என்று நமக்குப் பழக்கம். ஆனால் 949இல் தக்கோலத்தில் சோழரை முறியடித்த இராட்டிரகூட அரசன் மூன்றாம் கிருஷ்ணனையும் தமிழ்க் கல்வெட்டுகள் ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்’ என்றே சொல்கின்றன. நம் ஊரை எடுத்தவனுக்கும் அதே ‘கொண்ட’! இன்றைக்கு எழுதுகிற நாம்தான் ‘வென்றான்’ ஒரு பக்கம், ‘ஆக்கிரமித்தான்’ மறு பக்கம் என்று பிரித்து வைத்திருக்கிறோம்.

இந்தப் பிரிவு எங்கிருந்து வருகிறது? பாதிக்கு மேல் ஒரே கேள்வியில் அடங்கும்: மிதிபட்டவன் எழுதி வைத்தானா? மங்கோலியத் தலைவன் ஹுலாகு 1258இல் அழித்த பாக்தாத் எழுத்தாளர் நிறைந்த நகரம். அதனால் மங்கோலியர் பேரைக் கேட்டாலே இன்றும் குலை நடுங்குகிறது. சோழர்களையே பாருங்கள். அநுராதபுரத்துச் செல்வத்தை இரத்தம் உறிஞ்சும் யக்கர்களைப் போல அள்ளிப் போனார்கள் என்று இலங்கையின் சூளவம்சம் பதிந்தது. பெண்களையும் பிள்ளைகளையும் கொன்றார்கள் என்று 1007ஆம் ஆண்டுச் சாளுக்கியக் கல்வெட்டு ஒன்று கர்நாடகத்து ஹொட்டூரில் நிற்கிறது. 1025இல் இராசேந்திரனிடம் அடிவாங்கிய, கடாரத்தையும் உள்ளடக்கிய சுமத்திராவின் ஸ்ரீவிஜய அரசின் பக்கத்திலிருந்து அப்படி விரிவான முறையீடு எதுவும் நம் கைக்கு வரவில்லை. பிடிபட்ட மன்னன் சங்கிராம விசயோத்துங்கவர்மன். போர் வெற்றியால் உயர்ந்தவன் என்று பொருள்படும் பெயர், பாவம். அதனால் நம் மேடைகளில் கடாரம் வெறும் பெருமையாகவே நிற்கிறது.

அசோகர் கதை தனி. கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள் என்று 13ஆம் பாறைச் சாசனத்தில் அவரே சொல்லி வருந்தினார். கணக்கும் வருத்தமும் ஒரே ஆளிடமிருந்து வந்ததால் பழி மெலிந்தது. ஆனால் கலிங்கத்துக்குள்ளேயே இருக்கும் தௌலி, ஜௌகடா பாறைகளில் அந்தச் சாசனம் வெட்டப்படவில்லை.

மீதி, வென்றவன் யாருக்குப் பாட்டன் ஆனான் என்பதில் இருக்கிறது. பாரசீகத் தலைநகர் பெர்செபோலிசைக் கொளுத்திய அலெக்சாந்தர், அந்நாட்டின் பழைய சமயமான சரதுஷ்டிர மரபில் ‘சபிக்கப்பட்டவன்’. மலாய் அரசர் வரலாறு சொல்லும் செஜாரா மெலாயு நூலிலோ இஸ்கந்தர் சுல்கர்னைன் என்ற பெயரில் மலாய் அரசர்களின் குலமுதல்வன். சிங்கப்பூரை நிறுவியவன் என்று அங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரிந்த சாங் நீல உத்தமாவின் கொடிவழி அந்த இஸ்கந்தரிடம்தான் போய்ச் சேர்கிறது, நடுவில் சோழரை நினைவூட்டும் சூலன் என்ற அரசனையும் தொட்டுக்கொண்டு (சில படிகளில் சூரன்). நாடு பிடிக்க வந்தவன் வம்சத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுத்துவிட்டால் ஆக்கிரமிப்பு என்ற பேச்சு அடங்கிவிடும்.

எழுதும்போது ஆளைப் பார்க்காமல் செயலைப் பார்த்துச் சொல்லை எடுங்கள். படை எல்லை தாண்டினால் படையெடுப்பு. பொருளை வாரிக்கொண்டு திரும்பினால் சூறை. இடத்தைப் பிடித்தால் கைப்பற்றல். பிடித்த இடத்தில் அமர்ந்து ஆணையிட்டால்தான் ஆக்கிரமிப்பு. 1941 டிசம்பர் 8 ஜப்பானியர் மலாயாவின் கோத்தா பாருவில் தரையிறங்கியது படையெடுப்பு. 1942 பிப்ரவரி 8 இரவு சிங்கப்பூரின் சரிம்புன் கரையில் நடந்ததும் அதுவே. பிப்ரவரி 15 சரணடைவுக்குப் பிறகே ஆக்கிரமிப்பு. 1025 நிகழ்வு படையெடுப்பும் சூறையும். சோழர் அங்கே நிலையான ஆட்சி நடத்தியதற்குச் சான்று இல்லாததால் அதை ஆக்கிரமிப்பு என்பது பொருந்தாது. அதற்காக அதைக் ‘கடல் வணிகப் பயணம்’ என்று பூசி மெழுகவும் வேண்டாம். 1819 பிப்ரவரி 6இல் சிங்கப்பூருக்காக ஆங்கிலேயருடன் உடன்படிக்கை, 1824இல் தீவு முழுவதும் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்த இரண்டுக்கும் போர்ச்சொல் எதுவும் ஒட்டாது, குடியேற்ற ஆட்சி என்பதே சரி.

தனித்தமிழ் வேண்டுவோருக்கு இரண்டு சொற்கள் உண்டு: வன்கவர்வு, வல்வளைப்பு. முதலாவதில் பறித்தல் தெரிகிறது, தங்குதல் தெரியவில்லை. ஈழத்து எழுத்தில் பழகிய வல்வளைப்பே மேல். ‘நிலத்தை வளைத்துப் போட்டான்’ என்று பேச்சில் ஏற்கெனவே சொல்கிறோம். டீக்கடைக்கும் பொருந்தும், பட்டாளத்துக்கும் பொருந்தும். எந்தச் சொல்லை எடுத்தாலும் நடுவில் வரும் ஒற்றெழுத்தை விட்டுவிடாதீர்கள்: ஆக்கிரமிப்புக் காலம், வல்வளைப்புப் படை.