ஃபோனிக்ஸ்: ஒலியியல் அன்று, எழுத்தொலி முறை

‘செயற்கை ஒலியியல்’ என்றொரு தமிழாக்கம் உலவுகிறது. ஏதோ ரோபோவைப் பேசவைக்கும் துறை என்று யாராவது நினைத்துக்கொண்டால் அவர்மேல் குற்றமில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வாசிக்கச் சொல்லித்தரும் சிந்தெடிக் ஃபோனிக்ஸ்தான் அப்படி ஆகியிருக்கிறது. இரண்டே சொல், இரண்டும் பிழை.

கிரேக்கத்தில் ‘ஃபோனே’ என்றால் குரல், ஒலி. டெலிஃபோனில் இருப்பதும் அதுவே. ஃபோனிக்ஸ் என்ற சொல் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஒலி பற்றிய அறிவியலைத்தான் குறித்தது. பிறகு அந்த இடத்தை அக்கூஸ்டிக்ஸ் பிடித்துக்கொண்டது. இன்று ஃபோனிக்ஸ் என்பது, எந்த எழுத்து எந்த ஒலிக்கு நிற்கிறது என்று காட்டி வாசிக்கவும் எழுதவும் பழக்கும் முறை.

‘ஒலியியல்’ எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது எளிது. ‘இக்ஸ்’ என்று முடிந்தால் ‘இயல்’ போடு என்பது மொழிபெயர்ப்பாளர் பலரின் கைப்பழக்கம். ஃபிசிக்ஸ் இயற்பியல், எகனாமிக்ஸ் பொருளியல், அப்படியானால் ஃபோனிக்ஸ் ஒலியியல். அத்லெடிக்ஸைத் ‘தடகளவியல்’ என்று யாரும் எழுதுவதில்லையே! விகுதியைப் பார்த்துச் சொல் ஆக்கினால் இப்படித்தான் ஆகும். தவிர, ஒலியியல் ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறது: மொழியியலில், பேச்சொலிகளை ஆராயும் ஃபொனெடிக்ஸுக்கும் இயற்பியலில் அக்கூஸ்டிக்ஸுக்கும் அதுதான் பெயர். மூன்றாவது சுமையை ஏற்ற அதன் முதுகில் இடமில்லை.

இது வெறும் பெயர்ச்சண்டை அல்ல. ஒலியியல் என்றோ, அதன் தம்பியான ‘உச்சரிப்புப் பயிற்சி’ என்றோ படிக்கும் பெற்றோர், நாக்கை எங்கே வைப்பது, எப்படி ‘ஸ்டைலாக’ப் பேசுவது என்று பிள்ளையைப் பழக்கக் கிளம்பிவிடுகிறார்கள். இங்கிலாந்தில் 2012 முதல் நடக்கும் ஃபோனிக்ஸ் சோதனையைப் பாருங்கள். 40 சொற்கள்; அவற்றில் 20 பொருளே இல்லாத போலிச் சொற்கள். மனப்பாடம் அங்கே உதவாது; எழுத்தைப் பார்த்து ஒலியைச் சொல்லத் தெரிகிறதா என்பதே கேள்வி. வட்டார உச்சரிப்புக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. கண் எழுத்தின்மேல் இல்லாவிட்டால் அது ஃபோனிக்ஸே இல்லை.

அதனால்தான் ‘எழுத்தொலி முறை’ என்கிறேன். ஒரு மறுப்பு வரும்: நன்னூலே எழுத்தை ‘அணுத்திரள் ஒலி’ என்கிறதே, எழுத்தும் ஒலியும் ஒன்றுதானே, எதற்கு இரட்டிப்பு? இலக்கணத்தில் சரி. ஆனால் இன்று எழுத்து என்றதும் எல்லோர் மனத்திலும் வருவது தாளில் உள்ள வடிவம்தான். ‘எழுத்துக்கூட்டிப் படித்தல்’ நம் பழைய, அழகான சொல். ஆனால் ஆங்கிலத்துக்கு வந்ததும் அதை ‘பி, ஐ, என்: பின்’ என்று எழுத்தின் பெயரை ஒப்பிப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘பி’யையும் ‘ஐ’யையும் ‘என்’னையும் எத்தனை வேகமாகச் சொன்னாலும் ‘பின்’ வராது.

பெயரை விட்டு ஒலிக்கு வருகிறவர்களும் அடுத்த குழியில் விழுகிறார்கள். ‘ப, இ, ன’ என்று சொல்லித்தந்தால் பிள்ளை ‘பஇன’ என்றுதான் கூட்டும். மெய்யோடு ஒட்டிய அகரத்தைக் கழற்றி, ‘ப், இ, ன்’ என்று சொல்ல வேண்டும். புள்ளி வைத்த எழுத்து நம்மிடம் இருப்பதால் தமிழாசிரியருக்கு இதை விளக்க அரை நிமிடம் போதும். அந்த வசதியைப் பயன்படுத்தாமல் ‘பஹ், டஹ்’ என்று எழுதிவைப்பதுதான் வேடிக்கை. ‘ஸ், ம், ன்’ போல இழுக்க முடிந்த ஒலிகளில் தொடங்கும் சொற்களை முதலில் எடுத்தால் கூட்டுவது எளிது: ‘ஸ்ஸ்ஸ்-இ-ட்’. ‘ப், ட், க்’ இழுபடா, வெடித்து நின்றுவிடும். அவற்றை அடுத்த ஒலியோடு உடனே ஒட்ட வேண்டும்.

‘ஷிப்’ என்பதில் எழுத்து நான்கு, ஒலி மூன்று. எஸ்ஸும் எச்சும் சேர்ந்து ஒரே ‘ஷ்’. எழுத்தை எண்ணுவதும் ஒலியை எண்ணுவதும் வேறு வேறு என்பது இங்கே பிடிபடும். ஸ்பெல்லிங்குக்கு வண்டியைத் திருப்பி ஓட்ட வேண்டும்: சொல்லைச் சொல்லி, ஒலிக்கு ஒரு விரல் மடக்கி, விரலுக்கு ஓர் எழுத்தோ எழுத்துச் சேர்க்கையோ எழுத வேண்டும். ‘கிக்’ எழுதும்போது இரண்டு ‘க்’குக்கும் ஒரே எழுத்து கிடையாது. முதலில் கே; அங்கே சி போட்டால், பின்னால் ஐ வருவதால் ‘ஸ்’ ஆகிவிடும். கடைசியில், குறில் உயிரொலிக்குப் பின் வருவதால், சி-கே. இந்தப் பாதிப் பாடத்துக்கு ‘உச்சரிப்பு’ என்ற சொல்லில் இடமே இல்லை.

மிச்சம் ‘செயற்கை’. சிந்தெடிக் துணி செயற்கைத் துணிதான். ஃபோனிக்ஸில் உள்ள சிந்தெடிக் அதன் மூலப்பொருளில், ஒன்றுசேர்த்தல் என்ற பொருளில், வருகிறது: தனித்தனி ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்குவது. அதைத் ‘தொகுப்பு எழுத்தொலி முறை’ எனலாம். தெரிந்த சொற்களைப் பிரித்து, பொது ஒலியைக் கண்டுபிடிக்கும் அனலிடிக் வகை ‘பகுப்பு எழுத்தொலி முறை’. இது நீளமாக இருக்கிறது என்பவர்கள் ஃபோனிக்ஸ் என்றே எழுதட்டும். ஒலியியலைவிட அது எவ்வளவோ மேல்.