வற்றிய மீன்குளத்தில் தண்ணீர் விடவும் அனுமதி வேண்டும்

இங்கிலாந்தில் பழைய மடாலயம் இருந்த ஊர்களில், மேய்ச்சல் நிலத்தில் நடக்கும்போது தரை சட்டென்று தாழும். எதிரே நீளமாகப் புல் மூடிய மேடு. நடுவே ஓர் உடைப்பு. மேடு, துறவிகள் எழுப்பிய குளத்தின் கரை. உடைப்பு, பெரும்பாலும் மதகு இருந்த இடம். புனித பெனடிக்ட் வகுத்த விதிப்படி, நோயாளிகளைத் தவிர யாருக்கும் நாலுகால் விலங்கின் இறைச்சி கிடையாது. அதனால் மீன் வளர்த்தார்கள். ரெடிச் நகரின் போர்ட்ஸ்லி மடத்தில் ஆர்ரோ ஆற்றின் போக்கையே திருப்பினார்கள். 1536 முதல் 1540 வரை மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபின், கவனிக்க ஆளின்றிப் பல குளங்கள் தூர்ந்தன.

இவற்றில் பல இன்று தனியார் நிலத்தில் இருக்கின்றன. நிலம் உங்களுடையதே என்றாலும், 1979ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டப்படி அந்தக் குளம் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் இருந்தால், அதில் வேலை தொடங்குமுன் அரசின் எழுத்துமூல அனுமதி வேண்டும். பட்டியலை, தொல்சின்னங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான 'ஹிஸ்டாரிக் இங்கிலாந்'தின் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எல்லா மீன்குளமும் அதில் இல்லை.

பலர் தவறுவது இங்கேதான். கரையை வெட்டக் கூடாது என்பது தெரியும். ஆனால் உடைப்பை அடைத்துத் திரும்பத் தண்ணீர் தேக்குவதும் அனுமதிக்கு உட்பட்டதே. சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. தூர்வாருவதும் மண் கொட்டுவதும் அப்படித்தான். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் இழப்பு இழப்புதான்: அடிவண்டல் ஈரமாகவே இருந்த இடங்களில் மதகின் மரப்பலகையும் விதைகளும் மகரந்தமும் நூற்றாண்டுகளாக மக்காமல் கிடக்கும். ஜேசிபி ஒரு நாள் இறங்கினால் அத்தனையும் போய்விடும்.

ஆடுமாடு மேய்க்க அனுமதி தேவையில்லை. வழக்கமாக நடந்துவந்த உழவையும் நிபந்தனைகளோடு தொடரலாம். முன்பைவிட ஆழமாக உழுவதும், வடிகால் வெட்டுவதும் அதில் சேராது. மெட்டல் டிடெக்டர் கொண்டுபோக, நிலக்காரர் சரி என்றால் மட்டும் போதாது, ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் எழுத்துமூல ஒப்புதலும் வேண்டும்.

விண்ணப்பத்தையும் அங்கேயே கொடுக்க வேண்டும். கட்டணம் இல்லை. அவர்கள் ஆலோசனை சொல்வார்கள். முடிவு பண்பாட்டுத் துறை அமைச்சருடையது. கிடைத்த அனுமதி பொதுவாக 5 ஆண்டு செல்லும். தெரிந்தே சின்னத்தைச் சேதப்படுத்தினால் அபராதம், அல்லது 2 ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

கரையில் முள்புதர் மண்டுகிறது, முயல் வளை தோண்டுகிறது என்றால் அதையும் அவர்களிடமே சொல்லுங்கள். பராமரிப்பு ஒப்பந்தம் செய்து பணம் கொடுக்கவும் இதே சட்டத்தின் 17ஆம் பிரிவு இடம் தருகிறது.