கையெழுத்து உங்களோடது மட்டும் போதும்

சவிதா ஹலப்பனவர்ங்கிற பேரு இப்ப பல பேருக்கு மறந்திருக்கும். பெலகாவிப் பொண்ணு, பல் டாக்டர், புருஷனோட அயர்லாந்துல கால்வே ஊர்ல இருந்தாங்க. 2012 அக்டோபர்ல 17 வாரக் கர்ப்பத்துல வலி வந்து ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க, பனிக்குடம் உடைஞ்சிருச்சு, குழந்தை தங்காதுன்னு அங்க உள்ளவங்களுக்கே தெரிஞ்சிருச்சு, அப்ப கருவைக் கலைச்சு விட்ருங்கன்னு இவங்க கேக்குறாங்க, இன்னும் துடிப்பு இருக்கு, இந்த நாட்டுச் சட்டப்படி முடியாதுன்னுட்டாங்க. கிருமி ரத்தத்துல ஏறி 28ஆம் தேதி போய்ச் சேந்துட்டாங்க. வயசு 31.

நான் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி கேரளாவுல இருக்குற குமுளியில மகப்பேறு டாக்டரா இருக்கேன். அயர்லாந்துங்கிறது எங்க பக்கம் கேள்விப்படாத நாடு இல்ல, கட்டப்பனை பக்கம் எல்லாம் அங்க நர்ஸா போன பிள்ளைங்க நிறைய. எங்க க்ளினிக்ல இருந்து போன ஒரு சிஸ்டர் 2018 மே மாசம் போன்ல பேசுனப்ப சொன்னாங்க, மேடம் இங்க நாடே இதைத்தான் பேசிக்கிட்டு இருக்கு, ஆனா எனக்கு ஓட்டு இல்லன்னு. கருக்கலைப்புத் தடையை எடுக்கலாமான்னு நடந்த அந்த வாக்கெடுப்புல குடியுரிமை உள்ளவங்களுக்கு மட்டும்தான் ஓட்டு.

1983ல இதே மாதிரி ஒரு வாக்கெடுப்பு வச்சு, தாயோட உயிரும் கருவோட உயிரும் சமம்னு அரசியல் சாசனத்துலயே எழுதி வச்சிட்டாங்க, அதனால பார்லிமென்ட் நினைச்சாலும் சுலபமா மாத்த முடியாது, மறுபடி சனங்கதான் ஓட்டுப் போட்டு எடுக்கணும். 2018 மே 25ல போட்டாங்க, 66.4 சதவீதம் பேர் எடுத்துருங்கன்னாங்க. வெளிநாட்டுல இருந்த பிள்ளைங்க எல்லாம் டிக்கெட் போட்டு ஊருக்கு வந்து ஓட்டுப் போட்டாங்க. டப்ளின்ல ஒரு சுவத்துல வரைஞ்சிருந்த சவிதா முகத்து மேல சின்னச் சின்னத் தாள்ல எழுதி ஒட்டிட்டுப் போனாங்க, எங்களை மன்னிச்சிரும்மான்னு நிறையத் தாள்ல. 2019 ஜனவரியில இருந்து அங்க 12 வாரம் வரைக்கும் காரணம் சொல்லாமலே கலைச்சுக்கலாம்.

நம்ம நாட்டுல இதுக்கு யாரும் ஓட்டுப் போடல, கருவைக் கலைச்சுக்க அனுமதிச்சு 1971லயே சட்டம் வந்திருச்சு. ஆனா அது இருக்குன்னு தெரியாமலே எங்க பொம்பளைங்க உயிரைப் பணயம் வைக்கிறாங்க, என் ஆதங்கமே அதுதான்.

கம்பம், கூடலூர்ல இருந்து விடியக்காலையில ஜீப்புல நெருக்கி ஏறி எல்லையில உள்ள மலை மெட்டு தாண்டி ஏலத் தோட்டத்துக்கு வருவாங்களே, அவங்கதான் என்கிட்ட அதிகம் வர்றது. போன மழைக்காலத்துல ஒரு பொண்ணு, ரெண்டு பிள்ளைக்காரி, தோட்டத்துலயே மயங்கி விழுந்துட்டான்னு கூட்டிட்டு வந்தாங்க. கண்ணு இமையை இறக்கிப் பாத்தா வெள்ளைத் தாளா இருக்கு. மூணு மாசம் தாண்டுன கர்ப்பம், மெடிக்கல்ல சீட்டு இல்லாம மாத்திரை வாங்கிப் போட்டிருக்கா, பாதி வந்திருக்கு, பாதி உள்ளேயே தங்கிருச்சு, பாவாடைத் துணியை மடிச்சு வச்சுக்கிட்டு பத்து நாளா ஜீப் ஏறி இறங்கியிருக்கா, ஒரு நாள் கூலி போயிரும்னு. ஏம்மா ஆஸ்பத்திரிக்கு வரலன்னு கேட்டேன். "வீட்டுக்காரர் கையெழுத்து கேப்பீங்கல்ல டாக்டரம்மா, அவருக்குத் தெரிஞ்சா கொன்னுருவாரு"ன்னா. கர்ப்பப்பையைச் சுத்தம் பண்ணி, ரத்தம் ஏத்தி, பிழைச்சா.

18 வயசு முடிஞ்ச பொண்ணுக்கு அவளோட சம்மதம் ஒண்ணு மட்டும்தான் சட்டம் கேக்குது. புருஷன் கையெழுத்து, மாமியார் கையெழுத்து எதுவும் வேண்டாம். ஆனா சில ஆஸ்பத்திரியில இன்னமும் கூட்டிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்புறாங்க, டாக்டரா இருந்துக்கிட்டு இதைச் சொல்லவே எனக்கு வெக்கமா இருக்கு. 18க்குக் கீழன்னா அப்பா அம்மா இல்ல கார்டியன் கையெழுத்து வேணும். கல்யாணம் ஆகாத பொண்ணுக்கும் இந்த உரிமை உண்டுன்னு 2022 செப்டம்பர் 29ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லியாச்சு.

2021ல திருத்துன சட்டப்படி 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் போதும், கருத்தடை பண்ணியும் தங்கிருச்சுங்கிறதும் ஒரு காரணமா எடுத்துக்குவாங்க. பலாத்காரத்துக்கு ஆளானவங்க, சின்னப் பொண்ணுங்க, நடுவுல புருஷனை இழந்தவங்கன்னு சிலருக்கு 24 வாரம் வரைக்கும், அதுக்கு ரெண்டு டாக்டர். கருவுல பெரிய குறைன்னா அதுக்கு மேலயும் மெடிக்கல் போர்டுங்கிற டாக்டர்கள் குழு பாத்து முடிவு பண்ணும். இதுலயும் கடைசி முடிவு டாக்டர் கையிலதான் இருக்கு, அது எனக்கு உடன்பாடு இல்ல, முழுசா அந்தப் பொண்ணு கையில வரணும். பொட்டைப் பிள்ளைன்னு தெரிஞ்சுக்கிட்டு கலைக்கிறது வேற, அது குத்தம், அதுக்கு என்கிட்ட யாரும் வராதீங்க.

மாத்திரை கெட்டதில்ல, 9 வாரத்துக்குள்ள டாக்டர் பாத்துக் குடுத்தா நல்லாவே வேலை செய்யும். முதல்ல ஸ்கேன் பாக்கச் சொல்றது காசு பிடுங்க இல்ல, எத்தனை வாரம்னு தெரியணும், கரு கர்ப்பப்பைக்கு வெளிய டியூப்ல தங்கியிருந்தா இந்த மாத்திரை அதைக் கலைக்காது, உள்ள வெடிச்சு வயித்துக்குள்ளேயே ரத்தம் கொட்டும், வெளிய ஒரு பொட்டுதான் தெரியும். ஏற்கனவே மாத்திரை போட்டுட்டீங்கன்னா இதைக் கவனிங்க: ஒரு மணி நேரத்துல ரெண்டு பேட் முழுசா நனைஞ்சு அடுத்த மணி நேரமும் அப்படியே போனா, காய்ச்சல் ஒரு நாளைத் தாண்டுனா, நாத்தம் அடிச்சா, தோள்பட்டை வரைக்கும் வலி இழுத்தா, ராத்திரி ரெண்டு மணின்னாலும் கிளம்பி வந்துருங்க. வந்து மாத்திரை போட்டேன்னு பயப்படாம உள்ளதைச் சொல்லிருங்க.

ஊர்ல தெரிஞ்சிரும்னு பயந்து கம்பத்துல இருந்து இங்கயும், இங்க இருந்து தேனிக்கும் போறவங்க உண்டு. தாராளமா போங்க, மெட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரே சட்டம்தான், தமிழ்நாட்டு ஆதார்னு சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது. உங்க பேரை வெளிய சொன்னா அந்த டாக்டருக்கு ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில்.